மூன்றாவது அன்னத்தின் அலகு

போன தை மாதம் ஒரு பத்திரிகையில் என் நாவல்களைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். ஜெனீவாவையும் ஹாம்பர்க்கையும் கண்ணால் பார்க்காத ஒரு காஞ்சிபுரத்துக் குமாஸ்தா, ஆங்கில நாவல்களிலிருந்து உருவித்தான் இப்படி நாடு நாடாகச் சுற்றும் மர்மக் கதைகளை எழுதுகிறார் என்பது அதன் சாரம். அதற்கு ஒரு சான்றும் காட்டியிருந்தார்கள். இவர் கதைகளில் எப்போதும், நகல் எடுத்தவன் மூலத்தில் இருந்த ஒரு சிறு பிழையையும் சேர்த்தே நகல் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறான். இப்படி ஒரு யுக்தி வெள்ளைக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

நான் ஜெனீவாவைப் பார்த்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். நூலகத்து ஆங்கில நாவல்களைப் படித்ததும் உண்மை. எதை எந்த வாரம் எடுத்தேன், எதைப் பாதியில் திருப்பிக் கொடுத்தேன் என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த யுக்தியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அது பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, என் அக்காவின் கையில் பிறந்தது. இதை எங்கேயாவது ஒரு முறையாவது பதிவு செய்தாக வேண்டும்.

எனக்குத் தேதி இல்லாமல் எழுத வராது. ஆனால் இந்த விஷயத்தில் தேதி சொன்னால் கடை எது என்று ஊரில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைக்காரரின் பிள்ளைகள் நல்லவர்கள். ஆகவே பண்டிகைகளை வைத்துச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். அத்தான் தறியில் உட்காருவார். அக்கா டிசைன் போடுவாள். கட்டம் போட்ட காகிதத்தில் உருவத்தை வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அட்டையில் துளை போட்டு, அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துக் கொடுத்தால் அது தறியின் தலைமேல் ஏறும். ஓர் அட்டைக்கு ஒரு இழை. அட்டை சொல்கிறபடி சரிகை மேலே வரும். பெண்பிள்ளை ஒருத்தி இந்த வேலையைச் செய்வது அப்போது அபூர்வம். கடைக்காரர்கள் அவளிடம் வாங்கிப் போவார்கள்; வாங்கிய பிறகு அது ‘நம்ம கடை டிசைன்’ ஆகிவிடும். வரைந்தது யார் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறிய ஆண்டின் தீபாவளிக்கு அவள் ஓர் அன்ன பார்டர் போட்டாள். மூன்று அன்னங்கள். முதலாவது நேராக நடக்கும். இரண்டாவது தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். மூன்றாவது ஒரு பூங்கொடியைக் கவ்விக்கொண்டிருக்கும். பிறகு மறுபடி முதலாவது. தீபாவளி அவசரம், குழந்தைக்கு அம்மை வேறு. கோக்கும்போது இரண்டு அட்டைகள் இடம் மாறிவிட்டன. அதனால் மூன்றாவது அன்னத்தின் அலகு நுனி மட்டும் ஒரு இழை தள்ளி, தனியாக ஒடிந்து விழுந்த மாதிரி நின்றது. முதல் சில சேலைகளைத் தறியிலிருந்து அறுத்து இறக்கிய பிறகுதான் அக்கா பார்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அட்டைகளைப் பிரித்துச் சரியாகக் கோத்துவிட்டாள். அலகு ஒடிந்த அந்தச் சில சேலைகளையும் ஒரே கடைக்காரர் எடுத்துப் போனார். “யாரு கண்ணு வச்சு பாக்கப் போறாங்கம்மா” என்றார்.

அதற்கு அடுத்த தீபாவளியும் கழிந்தது. அப்புறம் வந்த வைகாசியில், கருட சேவைக்கு மறுநாள், எங்கள் உறவில் ஒரு கல்யாணம். அந்தக் காலத்தில் நைலெக்ஸ் என்ற நைலான் சேலைக்கு இருந்த மோகம் அப்போது இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பட்டு நெய்கிற ஊரில், பட்டு நெய்கிற வீட்டுப் பெண்களே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து வந்தவர், அப்படி ஒன்று உடுத்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவள் அவர் இலைக்கு எதிரில் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

நான் பின்னால் ரசம் வாளியோடு நின்றேன். “அக்கா, அந்தம்மா உன்ன மொறைக்கிறாங்க.”

“இருடா. மூணாவது வரட்டும்.”

“இன்னா மூணாவது?”

அவள் அந்த அம்மாளின் முந்தானை ஓரத்தை இரண்டு விரலால் மெதுவாக இழுத்தாள். நைலான் துணியில் அச்சடித்த அன்னங்கள். ஒன்று நடந்தது, ஒன்று திரும்பிப் பார்த்தது, ஒன்று கொடியைக் கவ்வியிருந்தது. அலகு நுனி ஒடிந்து தனியாக நின்றது.

“இன்னாம்மா, கறை பட்டுடுச்சா?” என்றார் அந்த அம்மாள்.

“இல்லமா. எங்க வாங்கினீங்க?”

“சிங்கப்பூர்ல. ஜப்பான்காரன் போடறது. இந்த மாதிரி நைசா டிசைன் போட இங்க யாருக்குமா வருது?”

அக்கா டம்ளரில் தண்ணீர் வழியும் வரை ஊற்றினாள்.

அச்சடிக்கிறவனுக்கு அட்டை கிடையாது. அட்டை மாறிப்போக வழியும் இல்லை. அந்த ஒடிசல் அவனுக்குத் தானாக வந்திருக்க முடியாது. எங்கள் ஊர்ச் சேலை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, பிழை எது, டிசைன் எது என்று தெரியாமல் அப்படியே பிரதி எடுத்திருக்கிறான். ஒடிந்த அலகு இருந்தது அந்தச் சில சேலைகளில் மட்டும். அவை போனது ஒரே கடைக்கு. கல்யாண வீட்டுக் கொல்லையில், கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு இதை நானும் அக்காவும் கோத்து முடித்தோம். ஜப்பானின் கோபே துறைமுகத்திலிருந்து எங்கள் கடைத்தெரு வரைக்கும் ஒரு கோடு விழுந்துவிட்டது. துப்பறிவதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். அவர் மறுப்பார், மழுப்புவார், மடக்க வேண்டும் என்று இரவெல்லாம் கேள்விகளைத் தயார் செய்திருந்தேன். முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“ஆமாம்பா. நம்ம மச்சான் சிங்கப்பூர்ல துணிக்கடை வச்சிக்கினு இருக்கான் இல்ல, அவனுக்கு ஒண்ணு அனுப்பிச்சேன். ஜப்பான்காரன் எவனோ பாத்துட்டு ஆசப்பட்டு எடுத்துக்கினு போயிருக்கான். இதுல இன்னா?”

“அது எங்க அக்கா போட்டது.”

“நான் இல்லன்னனா? ஏம்மா, உன் கை ஜப்பான் வரைக்கும் போயிருக்குது. சந்தோசப்படுவியா, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு நிக்கிறியே.”

அக்கா கேட்டாள்: “அலகுல இருந்த கொறைய சரி பண்ணிட்டாவது அடிச்சிருக்கக் கூடாதா?”

அவர் விழுந்து விழுந்து சிரித்து எங்களுக்குக் காபி வரவழைத்தார். எனக்கு அந்தக் காபி இன்னும் கசக்கிறது. குற்றவாளி கிடைத்துவிட்டான், எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறான். ஆனால் ஊரில் ஒருவருக்கும் இது குற்றமாகவே படவில்லை. நான் செய்தித்தாளுக்கு எழுதினேன், பதில் இல்லை. நெசவாளர் சங்கத்தில் ஒருவரைப் பார்த்தேன். “தம்பி, நாம யாளிய எங்கேருந்து எடுத்தோம்? கோயில் தூண்லேருந்து. தூண் கேசு போட்டுச்சா?” என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். தூணைச் செதுக்கியவன் செத்துப் பல நூறு வருஷம் ஆகிறது, என் அக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னேன். “அது சரி” என்றார்.

அன்று மாலை அக்கா வீட்டில் சொன்னேன். “நான் எழுதறேன்க்கா.”

“இன்னாத்த? மறுபடி பேப்பருக்கா?”

“கதை.”

அவள் அட்டையில் துளை போட்டுக்கொண்டே கேட்டாள்: “கதையில நான்தான் போட்டேன்னு வருமா?”

“வரும்.”

“அப்ப எழுது.”

அதுவரை நான் கதை எழுதியதில்லை. ஊரில் மழை பெய்த நாள், தேர் நின்ற இடம், எந்தக் கோயிலுக்கு எப்போது சுண்ணாம்பு அடித்தார்கள் என்று எழுதுகிறவன் நான். நூலகத்தில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, கப்பல் போகும் வழிகளைப் பார்த்து, நாலே மாதத்தில் முடித்தேன். காஞ்சிபுரம், சிங்கப்பூர், கோபே. சிங்கப்பூர்க் கடையில் ஒரு கொலை. அதைத் துப்பறிகிறவள் டிசைன் போடுகிற ஒரு பெண். ஒடிந்த அலகை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கிறாள்.

பங்களாதேஷ் யுத்தம் நடந்துகொண்டிருந்த கார்த்திகையில் மெட்ராசுக்குப் பஸ் ஏறினேன். ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர், நல்ல மனிதர், நான் தபாலில் அனுப்பியிருந்த முழுவதையும் படித்திருந்தார்.

“கதை ஓடுது சார். கப்பல், துறைமுகம் எல்லாம் ஜோர். ஆனா சேலை பார்டருக்கு எவன் சார் கொலை பண்ணுவான்?”

“திருடினது நிஜமா நடந்தது.”

“நிஜமா நடந்தா? படிக்கிறவன் நம்பணும் இல்ல. ராக்கெட் வரைபடம்னு மாத்திடுங்க. யுத்த நேரம், பிச்சிக்கினு போகும். அந்த அலகை வரைபடத்துல ஒரு கோடு ஒடைஞ்சிருக்குதுன்னு பண்ணுங்க. அந்தப் பொண்ணுக்குப் பதிலா கோட்டு போட்ட ஒருத்தன். காஞ்சிபுரம் வேணாம். ஜெனீவா.”

“ஜெனீவாவுல கடல் இல்ல சார்.”

“ஏரி இருக்குது இல்ல?”

இரண்டு மணி நேரம் வாதாடினேன். ஒரு சேலைக்காக எவனும் கொலை செய்யமாட்டான் என்ற ஒரே வாக்கியத்தில் அவர் நின்றுகொண்டார். ராக்கெட்டைக் கண்ணால் பார்த்தவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? பட்டுச் சேலை இல்லாத கல்யாணம் எத்தனை? ஆனால் ராக்கெட்டைத்தான் நம்புவார்களாம். அவர் சொன்னபடி மாற்றாவிட்டால் கதையே வராது. மாற்றினேன். வந்தது. வாசகர் கடிதங்கள் குவிந்தன. அடுத்ததாக ஹாம்பர்க்கில் ஒன்று கேட்டார்கள். இப்படித்தான் நான் சர்வதேச மர்ம நாவலாசிரியன் ஆனேன்.

முதல் தொடர் முடிந்ததும் அக்கா எல்லா இதழ்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் படித்தாள்.

“நல்லாதான் இருக்குது. என் அன்னம் எங்கடா?”

“ராக்கெட் ஆயிடுச்சுக்கா.”

“நான்?”

“நீ கோட்டு போட்டுக்கினு ஜெனீவாவுல இருக்கிற.”

“மீசை இருக்குதா?”

“இருக்குது.”

“உங்க அத்தான்கிட்ட சொல்லாத” என்றாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு நாவலிலும் ஒரு நகலையும் ஒரு பிழையையும் விடாப்பிடியாக வைத்தேன். வைரம், கள்ளநோட்டு, ஓவியம், எதுவானாலும் சரி, திருடினவன் மூலத்தின் பிழையால்தான் மாட்டுவான். ஆசிரியர்கள் அதை மட்டும் வெட்டவில்லை, ஏனென்றால் அது வெளிநாட்டு யுக்தி என்று அவர்களும் நினைத்தார்கள்.

நாலைந்து வருஷம் கழித்து, ஒரு தொடருக்கு அட்டைப்படம் போட வேண்டும், கதாநாயகிக்கு நல்ல பட்டு பார்டர் மாதிரி ஒன்று கிடைக்குமா என்று ஓவியர் கேட்டனுப்பினார். அக்கா உடனே அன்ன பார்டரை வரைந்து கொடுத்தாள். வேண்டுமென்றே மூன்றாவது அன்னத்தின் அலகை ஒடித்தே வரைந்தாள். வரைந்தவர் பெயரையும் கீழே போடும்படி நான் கடிதம் வைத்தேன். போடவில்லை. இடம் இல்லையாம்.

அந்த இதழ் வந்த மாதமே பழைய கடைக்காரர் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“ஏம்மா, மெட்ராஸ் டிசைன் ஒண்ணு வந்திருக்குது. எல்லாரும் இதையே கேக்கறாங்க. இத அட்டை போட்டுக் குடு.”

அக்கா படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார்.

“போட்டுத் தரேன். முந்தி ஓரத்துல எம் பேரு சின்னதா வரணும்.”

“சேலையில பேரு எவம்மா போடறான்? கட்டிக்கிறவ பேரா அது?”

“அப்ப வேற ஆளப் பாருங்க.”

அவர் வேறு ஆளைத்தான் பார்த்தார். அந்த ஆள் பத்திரிகைப் படத்தை வைத்துக்கொண்டு, ஒடிந்த அலகையும் விடாமல், அப்படியே போட்டுக் கொடுத்தான். சேலை நன்றாக விற்றது. ஒரு கடை போட்டால் பக்கத்துக் கடை போடும். இரண்டு வருஷத்தில் ஊரெல்லாம் அலகு ஒடிந்த அன்னங்கள் நடந்தன.

போன தை மாதம், அந்த அரைப்பக்கக் கட்டுரை வந்த வாரத்திலேயே, எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்குக் கூறைச் சேலை எடுக்க அக்காவையும் என்னையும் அழைத்துப் போனார்கள். புதிதாகத் திறந்த கடை. விற்பனைக்கு நின்ற பையன் ஒரு சேலையை எங்கள் முன்னால் விரித்தான். அரக்கு நிறம், அன்ன பார்டர்.

“ஆயிரம் வருஷத்து டிசைன்மா இது. கோயில் தூண்ல இப்பவும் இருக்குது. மூணாவது அன்னத்த பாருங்க, மூக்கு ஒடைஞ்சிருக்கும். தூண்லயே அப்பிடிதான் ஒடைஞ்சிருக்குது.”

அக்கா விரலால் மூன்றாவது அன்னத்தைத் தடவினாள். என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு அவ்ளோ வயசு ஆயிடுச்சாடா?”

எனக்குத் தாங்கவில்லை. எந்தக் கோயில், எந்த மண்டபம், எத்தனையாவது தூண் என்று அவனைக் கேட்டேன். இது தூணில் இல்லை, இருக்கவும் முடியாது, இதை வரைந்தவள் இதோ உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அந்த அலகு ஒடிந்தது இரண்டு அட்டைகள் மாறிப்போனதால், இது சிங்கப்பூர் போய் ஜப்பான் போய் நைலானில் திரும்பி வந்தது என்று ஒன்று விடாமல், நடந்த வரிசையில் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் மரியாதையாக முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

“சார் இன்னா வேலை பண்றீங்க?”

“ஆபீஸ்ல இருக்கேன். கதையும் எழுதறேன்.”

“அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, அவன் சேலையை மடிக்க ஆரம்பித்தான்.