குப்பைக் கூடையில் போட்ட அவல்

தகரக் கூரைக்குக் கீழே கற்பூரப் புகை. அதோடு சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் போட்டுக் கிண்டிய அவலின் மணம்... இன்றைக்கும் அந்த மணம் மூக்கில் பட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

சுனாமி வந்துபோய் மூன்றாம் வருஷம். கிழக்கிலங்கையில் சண்டை ஓய்ந்துவிட்டது என்றார்கள், வடக்கில் நடந்துகொண்டிருந்தது. நான் ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருஷத்தில் இருந்தேன்.

மருதமுனை என்ற முஸ்லிம் ஊரின் பிள்ளையான என்னைக் கற்பித்தல் பயிற்சிக்கு என்று பெரியநீலாவணைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். நடந்தே போகலாம், நடுவில் ஒரு செக் பொயின்ட் மட்டும்தான். ஆனால் இருபத்திரண்டு வயது வரை அந்த ஊருக்குள் நான் ஒரு தரமும் கால் வைத்ததில்லை.

வாப்பா தினமும் வாசலில் நின்று சொல்வார்.

"ஆரோடயும் வாய் குடுக்காத மகள். படிச்சுக் குடுத்திட்டு நேரா வந்துரு."

ஐந்தாம் வகுப்பு. பழைய கட்டடத்தைக் கடல் கொண்டுபோனதால் தகரக் கொட்டிலில்தான் பாடம். முன்வரிசை வாங்கில் தர்சினி என்று ஒரு பிள்ளை. கேள்வி கேட்டால் முதலில் அவள் கைதான் எழும்பும், அதைப் பார்த்துத்தான் மற்றக் கைகள் எழும்பும். என் பாடமே அந்தக் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

நவராத்திரி வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பின் பூசை. எங்கள் வகுப்பின் முறை வந்த அன்று நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓர் ஓரமாக நின்றேன். பூசை முடிய, தர்சினி வாழையிலைத் துண்டில் அவல் கொண்டுவந்து நீட்டினாள்.

"அம்மா கிண்டினது டீச்சர்."

சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. அது அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

பிறகு அலுமாரிக்குப் பின்னால் போய், பேப்பரில் சுற்றி, மூலையில் இருந்த குப்பைக் கூடையில் போட்டேன். திரும்பினால் தர்சினி நிற்கிறாள்... நான் கை கழுவ ஒரு கோப்பையில் தண்ணீரோடு.

அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் சொன்னேன். வாப்பாவின் முகம் மாறியது.

"நாளைக்குப் போகாத. அந்தப் புள்ள ஊட்ட போய்ச் சொல்லியிருக்கும். ஒரு சொல்லுல ரெண்டு ஊரும் பத்திக்கிற காலம் இது."

ஆனால் மறுநாள்தான் என் இறுதிப் பாடத்துக்குப் புள்ளி போட விரிவுரையாளர் வருகிறார். அதில் தவறினால் நியமனம் இல்லை, மூன்று வருஷப் படிப்பும் தண்ணீரில் போட்ட மாதிரி.

உம்மா மட்டும் வேறொன்று கேட்டார்.

"சாப்பாட்டயா புள்ள குப்பையில போட்ட?"

கீழே விழுந்த ஒரு பருக்கையையும் பொறுக்கி எடுக்கிற வீடு எங்களுடையது. மறுமையில் அதற்கும் கேள்வி இருக்கிறது என்று சொல்லி வளர்த்தவர் உம்மா. வாப்பாவின் பயத்தை விட அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது.

போனேன். விரிவுரையாளர் பின்வரிசை வாங்கில் புள்ளித்தாளோடு இருந்தார். முதல் கேள்வி கேட்டேன். ஒரு கையும் எழும்பவில்லை. இரண்டாவது கேள்வி... தர்சினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. வெயிலில் கூரைத் தகரம் பட் பட்டென்று வெடிக்கும் சத்தம்தான் கேட்டது.

பத்து நிமிஷம் அப்படியே போனது. பாடக்குறிப்பை மூடி வைத்தேன்.

"நேத்து நான் ஒரு பிழ செஞ்சிட்டன். சாமிக்கு வச்சத எங்கட ஆக்கள் சாப்பிடுறல்ல. உங்களக் குறைவா நினைச்சு இல்ல. ஆனா சாப்பாட்டக் குப்பையில போட்டது எங்கட ஊட்டயும் பாவம்தான்."

தர்சினி எழும்பினாள்.

"அப்ப ஏன் டீச்சர் சிரிச்சிட்டு வாங்கினீங்க?"

"பயத்துல."

"எங்களப் பாத்தா பயம்?"

"ஓம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் இருந்து ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்.

"எங்களுக்கும் உங்கட ஊருக்குள்ள வாறதுக்குப் பயம்தான் டீச்சர்."

மணி அடித்தது. விரிவுரையாளர் தாளை மடித்தார்.

"பாடம் நடக்கல்ல. புள்ளி போட ஏலாது. திங்கக்கிழம திரும்ப வாறன்."

அந்த நான்கு நாளும் அதே பாடக்குறிப்பைத் திரும்பத் திரும்ப எழுதினேன்.

திங்கட்கிழமை என் மேசையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. தர்சினி எழும்பி நின்றாள்.

"கடையில வாங்கினது டீச்சர். சாமிக்கு வைக்கல்ல. அம்மா சொல்லச் சொன்னவ."

விரிவுரையாளர் பார்த்துக்கொண்டிருக்க, வகுப்புக்கு முன்னால் நின்று ஒன்றை உரித்துச் சாப்பிட்டேன். பிறகு கேள்வி கேட்டேன். அந்தக் கை எழும்பியது. பாஸ் பண்ணினேன்.

சண்டை முடிந்தது. செக் பொயின்ட்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது நான் பின்வரிசை வாங்கில் புள்ளித்தாளோடு இருக்கிற ஆள். கொழும்பு இன்டர்நேஷனல் ஸ்கூல்களுக்கும் கட்டாருக்கும் மாலைதீவுக்கும் ஆசிரியர்களாகப் போகிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பல்கலாசார வகுப்பறை என்று அதற்கு ஒரு தனிப் பாடமே உண்டு. ஏசி அறை, ஸ்லைட், வீடியோ... எங்களுக்கு இருந்தது கரும்பலகையில் எழுத ஒரு சோக்கட்டி.

போன கிழமை ஒரு பிள்ளை பயிற்சி முடித்து வந்தாள். அவளுடைய வகுப்பில் ஐந்தாறு நாட்டுப் பிள்ளைகளாம்.

"ஒரு பிரச்சினையும் இல்ல மிஸ். ஆர் என்ன சாப்பிடத் தந்தாலும் சிரிச்சிட்டு வாங்கிருவன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

"வாங்கினத என்ன செஞ்ச மகள்?" என்று கேட்டேன்.

அவள் அறையின் மூலையில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.