காருக்கு வைத்த மழைத்தண்ணீர்

எங்கள் வீட்டில் மழைத்தண்ணீர் காருக்கு, உப்புத்தண்ணீர் எங்களுக்கு. அப்பா அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டேன். லாரி ஷெட்டிலும் ரயிலடியிலும் படுத்து எழுந்துவிட்டேன். ஆனாலும் அந்த மூன்று ஜாடிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கார் எங்களுடையதும் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் பட்டறை ஒன்றின் முதலாளியுடையது. பெரிய கறுப்புக் கார். அப்பா அதற்கு டிரைவர். அம்மா அதே பட்டறையில், சுடுவதற்கு முன்னால் ஊறுகாய் ஜாடிகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள். பட்டறைக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு விட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். பக்கத்திலேயே கார் ஷெட். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரை, சூளையில் கோணிப்போனதால் கழித்துக்கட்டிய மூன்று பெரிய ஜாடிகளில் அப்பா பிடித்து வைப்பார். வாயில் வெள்ளைத் துணி கட்டி, மேலே பலகை போட்டு, பலகையின் மேல் செங்கல் வைப்பார். கோடை முடியும்வரை அது காருக்கு.

எங்கள் பக்கத்துக் கிணறு உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மணிமுத்தாற்று மணலில் ஊற்றுத் தோண்டி அம்மா விடிகாலையில் கொண்டுவரும் ஒரு குடம் குடிக்கத்தான் காணும். குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் கிணறுதான். எங்கள் வீட்டுப் பருப்பு தட்டில் விழுந்தால் சத்தம் கேட்கும்.

மாசி பிறந்தால் அப்பா காரைக் கோடைக்குத் தயார் செய்யத் தொடங்குவார். எஞ்சின் ஆயிலை மாற்றுவார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். ரேடியேட்டரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, பிறகு மழைத்தண்ணீரால் இரண்டு தடவை அலசுவார். எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பு வெயிலில் சூடானால் வண்டி இழுக்காது என்று அதன்மேல் சுற்ற அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து, நனைத்து, மடித்து வைப்பார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த மனிதர் ஒரு நாளும் நெற்றியில் ஈரத்துணி போட்டதில்லை.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு கோடைக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரில் படிந்து, முதலாளியையும் அவர் சம்பந்தியாகப் போகிறவரையும் வைத்துக்கொண்டு கார் நடுரோட்டில் கொதித்து நின்றுவிட்டது. மறுநாள் முதலாளி பட்டறை வாசலில், எல்லோரும் கேட்கத்தான் சொன்னார்: "இன்னொரு தபா ரோட்ல நிறுத்துனியானா, சாவிய வெச்சிட்டுப் போயிக்கிட்டே இரு." அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைத்தார். அது அவர் வழக்கம். அங்கே தலையாட்டுவார், இங்கே உதைப்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அந்த மாசியில் நாலு வயதுத் தங்கைக்கு அம்மை போட்டது. இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலை போட்டு வெயிலில் வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை அம்மா ஒரு சொம்பு ஊற்றியதும் தங்கை போட்ட கூச்சலில் வரிசை வீடு முழுவதும் வெளியே வந்துவிட்டது. காய்ந்தும் காயாத புண்ணில் உப்பு. அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஒரு கொடம் குடுங்க. புள்ளைக்கு எரியுதுங்க."

அப்பா காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டவில்லை. "அது வண்டிக்கு வெச்சது."

"ஏன், வண்டிக்கும் அம்மை போட்டிருக்குதா?"

அடியிலிருந்து ஸ்பேனர் பறந்து வந்து தகரத்தில் மோதி விழுந்தது. யார்மேலும் படவில்லை. அம்மா அதைக் குனிந்து எடுத்து, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் அப்படி எடுத்துக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

மறுநாள் அப்பா முதலாளியை ஏற்றிக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தார். நான் செங்கல்லை இறக்கி, துணியை அவிழ்த்து, ஒரு ஜாடியிலிருந்து இரண்டு குடம் மொண்டு, அம்மா வெயிலில் வைத்திருந்த அண்டாவில் மாற்றி ஊற்றினேன். ஜாடி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்பா குச்சி விட்டு அளந்து பார்க்கிற ஆள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பட்டறையின் பின்கட்டில் களிமண் கரைத்து ஊறவிடும் சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. மண் அடியில் உட்கார்ந்துவிட்டால் மேலே நிற்கும் தண்ணீரில் நம் முகம் தெரியும். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது பட்டறைப் பிள்ளைகளாகிய எங்கள் எல்லோருடைய அறிவு. அதில் இரண்டு குடம் மொண்டு ஜாடியை நிரப்பினேன். அவசரத்தில் குடம் அடிவரைக்கும் போயிருக்க வேண்டும். ஊற்றும்போது கொஞ்சம் பால் மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிடும் என்று துணியைக் கட்டினேன்.

அன்று அம்மா ஊற்றியபோது தங்கை அழவில்லை. அம்மா இரண்டாவது சொம்போடு நின்றாள். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் ஊற்றினாள்.

பங்குனியில் முதலாளியின் மகளுக்குத் திருச்சியில் நிச்சயதார்த்தம். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அப்பா இருட்டிலேயே எழுந்து பழைய தண்ணீரை இறக்கிவிட்டு, ஜாடியைச் சாய்த்துப் புதுத் தண்ணீர் நிரப்பினார். வழியில் ஊற்ற ஒரு தகர டின்னிலும் பிடித்து டிக்கியில் வைத்தார். பெண்ணாடம் தாண்டியதும் கார் சூடாகியிருக்கிறது. நிறுத்தி, ஆறவிட்டு, தகரத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். மறுபடி சூடு. மறுபடி அதே தண்ணீர். அவர் கவனமாக இருக்க இருக்கக் காரின் தொண்டை அடைத்துக்கொண்டே போயிருக்கிறது. திட்டக்குடிக்கு முன்னால் அது அடியோடு நின்றுவிட்டது. முதலாளியும் சம்சாரமும் மகளும் பட்டுத்துணியோடு கரும்பு வண்டியில் ஏறி உட்கார்ந்து திட்டக்குடி போய், அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். நல்ல நேரம் போனபின்தான் திருச்சி போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் காரை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பட்டறை வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஷெட்டுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். அப்பா ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுவந்து கவிழ்த்தார். வெள்ளைக் கூழ் சொத்தென்று விழுந்தது. வேறு ஊராக இருந்தால் அது என்னவென்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்க வேண்டியதில்லை. சூளைக்காரர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெந்து ஜாடியாவே ஆயிருக்கும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "தொட்டித் தண்ணி வண்டிக்குள்ள எப்படிய்யா வந்திச்சி?"

அப்பா நிமிர்ந்தார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையெல்லாம் களிமண்ணோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். தங்கைக்கு எரிந்தது, நீ தரவில்லை, அதனால் எடுத்தேன். அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு அடி வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"நான்தான், மொதலாளி. அவசரத்துல மொண்டு ஊத்திட்டேன்."

"நீயா?"

"நான்தாங்க. வேற யாரும் தொடல."

அடுத்து முதலாளி சொன்னவற்றை நான் எழுதப் போவதில்லை. அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காரின் மூக்கின்மேல் வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள்மேல் ஸ்பேனர் வீசுகிற மனிதர், தான் செய்யாத ஒன்றுக்கு அந்த ஆள் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாரே என்று அவரை வெறுத்தேன். வீட்டுக்கு வந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அவர் என்னை அடித்திருந்தால் அந்த வெறுப்பு அன்றோடு போயிருக்கும். அது பல வருஷம் என்னோடு ஊர் ஊராக வந்தது.

அம்மா பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. தொட்டியில் கை வைத்தது டிரைவரின் மகன் என்று தெரிந்திருந்தால், உள்ளே வேலை பார்க்கிற அவன் அம்மாவையும் சேர்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள். வீடும் போயிருக்கும். இதெல்லாம் எனக்கு ஒரு லாரியில் கிளீனராக இருந்த நாளில், வேறு எதையோ யோசித்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் தோன்றியது. அப்போது அப்பா உயிரோடு இல்லை.

சாவியை வைத்ததற்குப்பின் டிரைவர் வேலை அப்பாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஜல்லி உடைக்கப் போனார். நான் ஆறாவதோடு நின்றேன். புதிய டிரைவர் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினார். காரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை வந்தது. ஷெட்டின் தகரத்திலிருந்து கொட்டி மூன்று ஜாடிகளும் நிரம்பி வழிந்தன. துணி கட்டவோ செங்கல் வைக்கவோ யாருமில்லை. தண்ணீர் முழுவதும் எங்களுக்கு. அம்மா அதில் பருப்பு வேகவைத்தாள். கரண்டி பட்டதும் கரைந்தது. என் நாக்குக்கு அப்படி ஒரு பருப்பு அதுவரை கிடைத்ததில்லை. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

"நல்லாத்தானே வெந்திருக்குது" என்றாள் அம்மா, அவர் முதுகைப் பார்த்து.

இப்போதும் இந்த ஆளுக்கு என்ன கோபம் என்று நினைத்தபடி, அவர் தட்டையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.