என் முதல் சாட்சி

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. ஆண்டவர் தங்களுக்குத் தரிசனம் தந்த விதத்தை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். ஒருவருக்குக் கனவில் வந்தார், ஒருவருக்குக் கிணற்றடியில் வந்தார். எதிர்வீட்டு அத்தைக்கு வாரம் தவறாமல் வந்தார். ஒன்பது வயதான என்னை மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையாக வரும்.

வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று, ஞாயிறு பள்ளி நடத்திய சின்னம்மாவிடமே கேட்டேன். "மொதல்ல கேள்விதான் கேப்பாரு" என்றாள். ஒளிந்துகொண்ட ஆதாமிடம் எங்கே இருக்கிறாய் என்றார், வனாந்தரத்தில் ஆகாரிடம் எங்கே போகிறாய் என்றார், கல்லறையில் மரியாளிடம் ஏன் அழுகிறாய் என்றார். நான் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அது ஊர்த்தெரு சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்த சமயம். வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிவரை புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. அந்த வாரம் பார்த்துத்தானா என் தம்பிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வரவேண்டும்! அப்பா கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். அம்மா தம்பியைத் தோளில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அழுதபடியே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

முதல் மரத்தருகே முண்டாசு கட்டிய ஒருவர் கோடாலியும் சைக்கிளுமாக நின்றிருந்தார். நான் பார்த்திராத முகம். அம்மாவுக்குத் தெரியும், அவர் கழனியில் நாற்று நட்டவள். அவர் ஊர்த்தெரு, நாங்கள் காலனி. மறியல் நாளில் காலனி ஆட்கள் ரோட்டில் தலைகாட்டினால் அடி விழும் என்று பேச்சு. அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, ஏன் அழுவற? எங்க போய்க்கினு இருக்க?"

ஒன்றல்ல, இரண்டு கேள்வி! அடேயப்பா, வந்தேவிட்டார்! தாடி இல்லாததுதான் சின்ன ஏமாற்றம்.

"புள்ளைக்கு ஜுரம் ஜாஸ்திங்க. வலிப்பு வந்துட்ச்சிங்க."

கோடாலியைப் புதரில் எறிந்தார். தம்பியோடு அம்மாவைப் பின்னாலும் என்னை முன்னாலும் ஏற்றி மிதித்தார். ஒவ்வொரு மரம் வந்தபோதும் எங்களை இறக்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். ஓரிடத்தில் வேற்றூர் ஆட்கள் பத்துப்பேர் மறித்தார்கள்.

"யார் வூட்டுப் புள்ள அது?"

"எங்க வூட்டுப் புள்ளதான். வழி வுடுங்கப்பா."

விட்டார்கள்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தம்பி கண் திறந்தான். முதல் காரியமாக டாக்டர் சட்டைமேல் மூத்திரம் பெய்தான். டாக்டரே சிரித்துவிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். திரும்பிப் பார்த்தால் சைக்கிள்காரரைக் காணோம். உயிர்த்தெழுந்த பிறகு எம்மாவூரில் சீடர்களுக்கு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்ததும் மறைந்தவர் வேறு யார்? எனக்குச் சந்தேகமே போய்விட்டது.

ஞாயிறன்று முதல் ஆளாக எழுந்தேன். "ஏசப்பா சைக்கிள்ல வந்தாரு" என்றதும் சபையே குலுங்கிச் சிரித்தது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விடவில்லை. மரம், கோடாலி, முண்டாசு எல்லாம் சொன்னேன். "தம்பிய, எங்க வூட்டுப் புள்ளதான்னு சொன்னாரு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அத்தை மூக்கை உறிஞ்சினாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். சாட்சியைச் சொதப்பிவிட்டோம் என்று நான் உட்கார்ந்துகொண்டேன். ஆண்டவர் என்றால் எல்லாரையும் தன் வீட்டுப் பிள்ளை என்றுதானே சொல்வார், இதற்குப் போய் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.