பானை இறக்கிய வெள்ளைத் துணி

பெரியும்மா வீட்டுக் குசினியில் கொதிக்கும் சோற்றுப் பானையை ஒரு வெள்ளைத் துணியால் பிடித்துத்தான் இறக்கினார்கள். ஓரம் கருகி மஞ்சள் கறை ஏறியிருந்தாலும், அதில் பெட்டி மடிப்பின் கோடு அழியவில்லை. நீலம் போட்டுத் துவைத்த பளிச்சு அங்கங்கே மிச்சமிருந்தது. அது ராத்தாவின் பள்ளிக்கூடச் சீருடை. பெரியும்மா என் உம்மாவின் மூத்த சகோதரி; ராத்தா அவருடைய மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நிக்காஹ் முடிந்த கையோடு பெரியும்மா அந்தச் சீருடையைக் கிழித்து அடுப்படிக்கு எடுத்துவிட்டார். "இனி அவளுக்கு என்னத்துக்குகா அந்த வெள்ள?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது, பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் வயதுக்கு வந்தபோது கிடைத்த மொத்தப் புத்திமதி "கவனமா இரு" என்பதுதான். எதில் கவனம், எப்படிக் கவனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மஞ்சள் தேய்த்துக் குளிக்க வைத்த அன்றைக்குப் பெரியும்மா ராத்தாவின் காதில், "ஆம்புளப் புள்ளட கை படாமப் பாத்துக்க, வயித்துல வந்திரும்" என்றார். அதே பொய்யை என் உம்மா எனக்கும் சொன்னார். பள்ளிக்கூடத்திலாவது உண்மை கிடைத்ததா? சுகாதாரப் பாடத்தில் அந்த அத்தியாயம் வந்ததும் மிஸ் பத்துப் பதினைந்து பக்கங்களை ஒரேயடியாகப் புரட்டி, "இத வீட்ட போய் வாசிங்க" என்றார். வீட்டில் அந்தப் பக்கத்தை விரித்து வைக்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? படித்தவரும் படிக்காதவரும் ஒற்றுமையாக இருந்த ஒரே விசயம் இதுதான்.

பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ராத்தா கல்முனைக்கு டியூசன் போனாள். அங்கே படித்த ஒரு பொடியன் அவளுக்குப் பிடித்திருந்தான். ஒருநாள் டியூசன் கொட்டிலுக்குப் பின்னால் அவன் அவளுடைய கையைப் பிடித்தான். அவ்வளவுதான். அந்த மாதம் அவளுக்குத் தீட்டு வரவில்லை. விடிய எழும்பிப் படித்து, பயத்தில் சாப்பாட்டையும் விட்டவளுக்குப் பிந்தாமல் என்ன செய்யும்? ஆனால் அவள் உம்மா சொன்னதை நம்பியவள். உம்மாவிடமே போய், "எனக்கு இந்த மாசம் வரல்ல உம்மா, ஒரு பொடியன்தான் காரணம்" என்று அழுதாள்.

பெரியும்மா தலையில் அடித்துக்கொண்டார். மாமிமார் வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தார்கள். யார் அவன், எந்த ஊர், யார் மகன் என்றெல்லாம் கேட்டார்கள். அவன் என்ன செய்தான் என்று மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை. டொக்டரிடம் கொண்டுபோனால் ஊர் அறிந்துவிடும் என்று அதையும் விட்டார்கள். சாய்ந்தமருதில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த, அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த ஒருவரை அவசரமாக மாப்பிள்ளையாகப் பேசினார்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூட்டி வருவதுதான் எங்கள் வழக்கம். கட்டாரில் உழைத்து அவளுக்கென்று அவளுடைய அண்ணன், எங்கள் காக்கா, கட்டிய வீடு இன்னும் சுவர் பூசாமல் நின்றது. அதற்குள்ளேயே பந்தியும் வைத்தார்கள்.

மருதோண்டி போட்ட அன்று நான் பக்கத்தில் இருந்தேன். கழிவறைக்குப் போன ராத்தா காய்ந்தும் காயாத கைகளோடு ஓடிவந்து பெரியும்மாவைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா, வந்திட்டு! எனக்கு ஒண்டுமில்ல உம்மா!" அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பெரியும்மா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெல்லக் கத. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சி, மாடும் அறுத்தாச்சி. இனி எப்பிடிகா நிப்பாட்டுற?" என்றார்.

அறுத்த மாட்டுக்கு இருந்த மதிப்பு அந்தப் பிள்ளைக்கு இருக்கவில்லை. அடுத்த நாள் நிக்காஹ் நடந்தது. பரீட்சைக்கு அவள் போகவில்லை. ராத்தாவைக் கட்டிய மச்சான் கெட்டவரில்லை, அவள்மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை. அதற்காக என் கோபம் குறையவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கு யாரும் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். கையைப் பிடித்தால் பிள்ளை உண்டாகாது. பயத்திலும் பட்டினியிலும், சிலவேளை காரணமே தெரியாமலும் மாதவிடாய் பிந்தும். ஒருவர்மேல் விருப்பம் வருவது குற்றமல்ல. வேண்டாம் என்ற பிறகும் நெருக்குகிறவனுக்கு உங்கள்மேல் இருப்பது அன்புமல்ல. ஆண்பிள்ளைகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். சந்தேகம் வந்தால் கிளினிக்கில் மருத்துவமாதிடம் கேளுங்கள், அது அவருடைய வேலை. பாருங்கள், இவ்வளவையும் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது?

சென்ற மாதம் காலையில் ராத்தா வீட்டுக்குப் போனேன். அவளுடைய மகளுக்கு இப்போது பதினைந்து வயது. ஒரு பொடியன் அனுப்பிய செய்தியைப் போனில் கண்டுவிட்டு, பெரியும்மா குசினி வாசலில் நின்று அதே குரலில் கத்திக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்த நிப்பாட்டு! எங்கயாச்சும் பேசி முடி!"

ராத்தா மகளைத் தன் பக்கத்தில் இருத்தினாள். "அவன் என்ன செஞ்சான்? நீ என்ன செஞ்ச? எல்லாத்தையும் சொல்லு மகள், நான் ஏசமாட்டன்."

"பர்தா இல்லாம ஒரு படம் அனுப்பினன் உம்மா. இப்ப இன்னும் கேக்கான். அனுப்பாட்டி அத ஊருக்கெல்லாம் காட்டுவானாம்."

"இனி ஒண்டும் அனுப்பாத. வந்தத அழிக்காத. நானும் உன்னோட வாறன், பள்ளிக்கூட அதிபர்ட்டச் சொல்லுவம். அவர் கேக்காட்டி பொலிசுக்குப் போவம். மிரட்டுற அவன்தான் பயப்படணும், நீயில்ல."

சொல்லிவிட்டு எழும்பி மகளின் சீருடையை விரித்து அயன் பண்ணத் தொடங்கினாள். பெட்டி மடிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பெரியும்மா மறுபடி வாயெடுத்தார். "நான் சொல்லுறதக் கேளு, இனிப் பள்ளிக்கூடம்..."

ராத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்த வெள்ள, பானை இறக்குறதுக்கில்ல உம்மா."