தொப்பிக்குள் ஒரு முழங்கால்

"நர்ஸ் பயிற்சி முடித்த நாளில் என் தலையில் வைத்த தொப்பி இது. கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக வைக்கவும். பேரப்பிள்ளைகளோடு பார்க்க வருவேன்."

எங்கள் அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒட்டியிருக்கும் இந்தக் கடிதத்தில் தேதி இல்லை. 'செவ்வாய்' என்று மட்டும் இருக்கிறது. எழுதியவர் இளம்பிள்ளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். தேதி போடாதவர்களை நான் எளிதில் நம்புவதில்லை. இவரை ஏனோ நம்பிவிட்டேன்.

அருங்காட்சியகம் என்பது பெரிய சொல். மல்லசமுத்திரம் போகும் சாலையில், ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஒருவருடைய வீட்டின் முன்னறைதான் அது. கண்ணாடி சிரிஞ்சுகள், ஊசி கொதிக்கவைக்கும் பெட்டி, எனாமல் கிண்ணங்கள், ஒரு பிரசவப் பை. பொருள் சேர்ப்பது அந்த அம்மா. பதிவேடும் விவரச் சீட்டும் என் பொறுப்பு. சரிபார்க்காத எதையும் சீட்டில் எழுதமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதை அவர் பல்வலியைப் பொறுத்துக்கொள்வதுபோலப் பொறுத்துக்கொண்டார்.

தொப்பி துவண்டிருந்ததால் அவர் அதற்குக் கெட்டியாக ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு நிமிர்த்தி வைத்தார். சேலம் பக்கத்து எலிக்கும் ஜவ்வரிசி பிடிக்கும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பெட்டியில் ஒரு மடிப்பும் இரண்டு குண்டூசிகளும் மிச்சமிருந்தன. மறுநாள் இளம்பிள்ளை அம்மா வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க சார், அவ மூஞ்சியில நான் எப்படீங்க முழிக்கறது?"

"எலி தின்னுபோச்சுன்னு உள்ளதச் சொல்லிரலாங்க."

"நீங்க சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. அவளும் நானும் ஒரே வார்டுல ஒண்ணா வேல பாத்து, ஒண்ணாக் கிழவியானவங்க. அப்புறம் அவ என்ற மூஞ்சியப் பாப்பாளா?"

சொல்லிக்கொண்டே அவர் என் வேட்டியைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வேறொரு வேட்டி கொண்டுவந்தேன். அதன் முனை மாலைக்குள் தொப்பியாயிற்று. எலிக்குப் பயந்து இந்தமுறை கஞ்சி இல்லை. விறைப்புக்காக, உள்ளே தம்முடைய பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டை வெட்டி வைத்துத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இளம்பிள்ளை அம்மா வந்தார். பேரப்பிள்ளைகள் பிரசவப் பையிடம் நின்றுவிட, அவர் மட்டும் தொப்பியைக் கையில் எடுத்தார். தடவினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஏம்புள்ள, என்ற தொப்பிக்குள்ள யாரோட முழங்காலு?"

தலைமை நர்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் எலியைச் சொன்னேன், வேட்டியையும் சொன்னேன். இளம்பிள்ளை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எலி நல்லா இருக்கோணும் சாமி! நான் குடுத்ததும் அசல் இல்லீங்க. சேலைக்கடையில வெள்ளைத்துணி வாங்கி நானே தெச்சது. அசல்ல என்ற மாமியா நெய் வடிகட்டியே கிழிச்சுப்போட்டாங்க. இவ அத்தன ஆசையாக் கேட்டா, இல்லைன்னு சொல்ல வாய் வருல. இன்னிக்குக் கண்டுபுடிச்சிருவாளோன்னு பஸ்ஸுல வாரப்பவே நெஞ்சு அடிச்சுதுங்க."

"அடிப்பாவி! ராத்திரியெல்லாம் நான் தூங்குலடி!" என்றார் தலைமை நர்ஸ். பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். சீட்டில் என்ன எழுதப்போகிறேன் என்பதே கேள்வி.

உள்ளதை எழுதினேன்: 'நர்ஸ் தொப்பி, மாதிரி. துணி: வேட்டி. உள்ளே: முழங்கால், இடது.'

அசல் தொப்பியில் நெய் வடிகட்டினார்கள் என்பதற்கு ஒரே சாட்சிதான். அவரும் ஏற்கெனவே ஒருமுறை எழுத்து மூலம் பொய் சொன்னவர். மாமியார் உயிரோடு இல்லை. ஆகவே, பதிவேட்டில் நெய் விஷயத்தைக் குறித்து, அதற்கு எதிரே 'சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன்.