வளைவு அக்கா

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடியே அவர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "வாங்க... வாங்க... இன்னும் வாங்க... கொஞ்சம் ஸ்டியரிங்கை ஒடிங்க... ஆங், போதும்" என்கிறார். ஓர் ஊசிகூடக் கீழே விழுவதில்லை. வெளியே ஒரு ரொட்டி வேன் பின்பக்கமாக ஊர்ந்து போய் மரக்கடை வாசலில் ஒதுங்குகிறது. எதிரே உறுமிக்கொண்டு நின்ற டிராக்டர் கடந்து போகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சன்னலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்கிடையில் தையல் இயந்திரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அந்தச் சாலை பாலத்திலிருந்து மரக்கடை வரை எழுபது தப்படி தூரத்துக்கு இடுப்பைச் சுருக்கிக்கொண்டு வளைகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அக்காவின் வீட்டுச் சுவர். நடுவில் ஒரு வண்டி போகலாம். ஒரு வண்டியும் ஒரு கௌரவமும் சேர்ந்து போக முடியாது. இதைச் சாலை போட்டவர்கள் கொஞ்சம் நாகரிகமாக ஒரு பலகையில் எழுதி நட்டிருந்தார்கள். பலகையை ஒரு லாரி சாய்த்த பிறகு அந்த வேலை தையல்காரம்மாவிடம் வந்து சேர்ந்தது. யாரும் நியமிக்கவில்லை. சன்னல் அங்கே இருந்தது, அவ்வளவுதான். இந்த முப்பது வருடத்தில் அவர் அந்த வழியாகப் போகும் எல்லோருக்கும் 'வளைவு அக்கா' ஆகிவிட்டார்.

மூக்கும் மூக்கும் முட்ட நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அவர் நியாயம் பேசுவதில்லை. நியாயம் இரண்டு பக்கமும் ஏராளமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் விதைக் கம்பெனி அதிகாரி ஒருவர் காரை அணைத்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதிரே ஜல்லி லாரி.

"நான் ஏன் பின்னால போகணும்? நான்தான் முதல்ல வந்தேன்."

"முதல்ல வந்தீங்க சார், யாரு இல்லைன்னாங்க?" என்றார் அக்கா. "ஆனா இந்த வளைவுல ரிவர்ஸ் எடுக்கக் கை வேணும். லாரிக்காரருக்கு அது வராது, பாவம். உங்களுக்கு வரும். ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது."

அதிகாரி காது சிவக்க, ஒரே மூச்சில் பாலம் வரை பின்னால் போனார். இருபத்தைந்து வருடமாக லாரி ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டி, "யாருக்கு வராது? எனக்கா?" என்று கொதித்தார். "சும்மா இருங்க தம்பி, அவரு போயிட்டிருக்காரில்ல?" என்று அக்கா ஒரு குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினார்.

நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு வேறு சட்டம். "வண்டியை நிறுத்துறது வேற, விட்டுட்டுப் போறது வேற" என்பார். யாராவது சுவரோரம் விட்டுட்டுப் போனால், கழுத்திலிருக்கும் அளவு நாடாவை உருவிக்கொண்டு இறங்கி, வண்டிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மிச்சமிருக்கும் சாலையை அளந்துவிடுவார். வண்டிக்காரர் திரும்பி வரும்போது தீர்ப்பு தயாராக இருக்கும். "இடுப்புல நாலு அங்குலம் பிடிக்குது சார். பால் வண்டி கஷ்டப்பட்டு நுழையும், லாரி நுழையாது." திட்டினால் பதிலுக்குத் திட்டுபவர்கள், அங்குலக் கணக்கைக் கேட்டுத் தாங்களும் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார்கள். மறுமுறை இரண்டு சக்கரத்தையும் மண்ணில் இறக்கி, பக்கக் கண்ணாடியையும் மடக்கிவிட்டுப் போவார்கள்.

இத்தனைக்கும் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அந்த ஜல்லி லாரிக்காரர் ஒருமுறை, "அக்கா, நீங்க என்ன வண்டி ஓட்டுவீங்க?" என்று குத்தலாகக் கேட்டார். அக்கா தையல் இயந்திரத்தைத் தட்டிக் காட்டினார். "இதுதான். இதுல பின்னால போனா நூல் அறுந்துடும். அதனால போறதில்ல."

போன வருடம் அவருடைய கணவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அது சரியாக அமையவில்லை. இனி வண்டியைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டவுனில் மூன்று பள்ளிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பதுதான் அந்த வீட்டின் பிழைப்பு. மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கணவரும் அந்தப் பழைய காரும். கொண்டுபோக ஆளில்லை என்றால் பள்ளிக்கு வேறு தையல்காரர் கிடைப்பார். எனவே ஐம்பத்து நான்கு வயதில் அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

முன்னால் போவது ஐந்து வாரத்தில் வந்துவிட்டது. பின்னால் போவது வரவே இல்லை. திரும்பிப் பார்த்தால் இடது வலதாகிறது, வலது வாய்க்காலாகிறது. "கை சொல்றதை இந்த வண்டி கேட்கவே மாட்டேங்குது" என்று பயிற்சியாளரிடம் புகார் சொன்னார், குற்றம் வண்டியுடையது என்பதுபோல. தேர்வன்று நல்ல மழை. பின்னால் எடுக்கச் சொன்ன அதிகாரி நனைய விரும்பாமல் பாதியிலேயே "போதும்" என்றுவிட்டார். உரிமம் கிடைத்துவிட்டது.

இந்த ரகசியம் கணவருக்கு மட்டும்தான் தெரியும். அக்கா விடியற்காலையில், ஜல்லி லாரிகள் கிளம்புமுன், வளைவைத் தாண்டிப் போய்விடுவார். திரும்பும்போது எதிரே யாரும் வந்துவிடக் கூடாதே என்று பதினொரு கிலோமீட்டர் சுற்றிப் பாலத்துப் பக்கமாக வந்து சேருவார். பாலத்தருகே காலி மைதானம் இருந்தது. அங்கே பெரிய வட்டம் அடித்துத் திருப்பி நிறுத்தலாம். கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்துவரும் கணவர் ஒருநாள், "நேராவே போயிட்டிரு. உலகம் உருண்டைதானே, எப்படியும் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்று மாதம் தப்பித்தார். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, நூற்றிருபது சட்டைக்குப் பொத்தான் வைத்து முடிக்கவே எட்டு மணி ஆகிவிட்டது. பத்து மணிக்குள் சட்டைகள் போய்ச் சேர வேண்டும். பாலத்தைத் தாண்டிப் பத்துத் தப்படிகூடப் போயிருக்க மாட்டார். வளைவிலிருந்து அதே ஜல்லி லாரி வெளிப்பட்டது. முழு பாரம். அறுபது தப்படி உள்ளே வந்துவிட்டிருந்தது.

அக்கா தாமே ஆயிரம் தடவை சொல்லியிருக்கும் கணக்கின்படி, பத்துத் தப்படிக்காரர்தான் பின்னால் போக வேண்டும்.

"அக்கா! நீங்களா?" என்று லாரிக்காரர் தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா கியரை மாற்றினார். கார் ஒரு குதி குதித்துப் பின்னால் நகர்ந்தது. அவர் நினைத்த பக்கம் அல்ல.

"வாய்க்கால்" என்றார் கணவர்.

"உங்களுக்குத் தெரியுதா?"

"தண்ணிச் சத்தம் கேட்குது."

அக்கா பிரேக்கை அழுத்தினார். மறுபடி முன்னால் வந்து மறுபடி முயன்றார். பின்சக்கரம் கரை மண்ணைச் சரித்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். முப்பது வருடமாகச் சன்னலிலிருந்து எத்தனை பேரைக் கூனிக்குறுக வைத்திருக்கிறோம் என்று முதல் தடவையாக அவர் கணக்கெடுக்கத் தொடங்கினார். அது பெரிய கணக்கு. இறங்கி, "எனக்கு வரலை" என்று சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தைதான். அதற்குப் பதில் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

லாரிக்காரரின் சிரிப்பு அடங்கியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கியர் கரகரத்தது. முழு பாரத்தோடு அந்த லாரி, அறுபது தப்படியும், வளைவோடு வளைவாகப் பின்னால் போகத் தொடங்கியது.

அக்காவுக்குக் கண் கலங்கியது. ஆனால் கலங்கிய கண்ணிலும் ஒன்று பட்டது. லாரியின் வால் சுவர்ப் பக்கம் ஒரு சாண் அதிகமாகப் போகிறது.

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, லாரியை ஒட்டியே ஓடி, அதன் பின்னால் போய் நின்றார். "ஒடிங்க தம்பி! இந்தப் பக்கம்... வாங்க... வாங்க... சுவரு இருக்கு, பார்த்து... நேராக்குங்க... வாங்க..." குரல் கணீரென்று எழுந்தது. லாரி அவர் கைக்குக் கட்டுப்பட்டு, ஓர் அங்குலம் பிசகாமல் வந்து மரக்கடை வாசலில் ஒதுங்கியது. "ஆங், போதும்!"

லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். மோட்டார் சைக்கிள்காரர்களும் காத்திருந்தார்கள். சாலை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, காலியாகக் கிடந்தது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். நடுச்சாலையில் நிமிர்ந்து நின்று பாலத்துப் பக்கம் திரும்பினார். அங்கே, ஓட்டுநர் பக்கக் கதவு விரியத் திறந்து, அந்த இருக்கையில் ஆளில்லாமல் நின்றிருந்த தம் காரைப் பார்த்து, வலது கையை உயர்த்தி, "வாங்க, வழி இருக்கு... தைரியமா வாங்க" என்று அழைத்தார்.