‘கோ டு’ வரியில் தவறிய பெயர்கள்

அந்தப் பயிற்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் பின்பாதி. காரைக்கால் கடைத்தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த, பெண்களுக்கு மட்டுமான தனியார் நிலையம் அது. மருத்துவமனை ஆய்வகங்களில் வேலை பார்ப்பதற்கான இரண்டு வருடப் படிப்பு அங்கே இருந்தது. இப்போது அந்த நிலையம் இல்லை. நான் அங்கே பாடம் நடத்தவில்லை. ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்ப்யூட்டர்களில் ஒன்று அங்கே ஓர் அறையில் இருந்தது. அதன் முன்னால் உட்கார்வதுதான் என் வேலை. தஞ்சாவூரில் ஆறு மாதம் படித்து வாங்கிய சான்றிதழ் ஒன்றே என் தகுதி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் கோட்டுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், அண்ணன்கள் இருவரும் ஏற்கெனவே பிரான்ஸுக்குப் போய்விட்டவர்கள். இவருக்கும் கிளம்பும் நாள் வந்திருந்தது. பத்து நாள் என்னோடு இருந்து வேலையை ஒப்படைத்தார். அவர் எழுதிய புரோகிராம்களில் முக்கியமானது சேர்க்கைப் புரோகிராம். விண்ணப்பித்த பெண்களின் விவரங்களை அது ஒவ்வொன்றாகப் படித்து, நேர்முகத் தேர்வுக்கு அழைக்க வேண்டியவர்களை ஒரு பட்டியலாகவும் மற்றவர்களை இன்னொரு பட்டியலாகவும் அச்சடித்துக் கொடுக்கும்.

பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. ‘கோ டு 520’ என்று எழுதினால், இடையில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு மெஷின் நேராக 520-ஆம் வரிக்குத் தாவிவிடும். அவர் புரோகிராம் முழுக்க இந்தத் தாவல்கள்தான். முன்னால் ஒரு தாவல், அங்கிருந்து பின்னால் ஒரு தாவல், நடுவில் போய் விழுகிற ஒன்று. தஞ்சாவூர் வகுப்பில் எங்களுக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்று இஃப், எல்ஸ் போட்டு எழுத வேண்டும். மேலே தொடங்கினால் கீழே முடிய வேண்டும்.

“வகுப்புல கோ டு போடக் கூடாதுன்னு சொன்னாங்களே” என்று தயங்கித்தான் கேட்டேன்.

அவர் சிரித்தார். “வகுப்புல அப்படித்தாங்க சொல்லுவாங்க. நாலு பக்கத்துல முடியற வேலைக்கு எதுக்குச் சுத்தி வளைக்கணும்? போன்னு சொன்னா போயிடுது. போன வருஷ சேர்க்கை இதுலதான் ஓடுச்சு, ஒரு தப்பு வரல.”

அவர் கிளம்பிப் போன மூன்றாவது மாதம் சேர்க்கை வந்தது. முந்நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்கள். எல்லாவற்றையும் நான்தான் அடித்து ஏற்றினேன். பட்டியல் போடுவதற்கு முந்தின நாள் முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம் அதிகம்.

“இருப்பிடச் சான்று இன்னும் பல பேருக்கு வரலயாம்மா. தாலுக்கா ஆபீஸ்ல தாமதம். அதுக்காகப் புள்ளைங்கள நிறுத்த வேணாம். மார்க் இருந்தா கூப்பிட்டுடு, சான்ற வரும்போது கொண்டாரட்டும்.”

பழைய புரோகிராம் சான்று இல்லாதவர்களை ஒதுக்கிவிடும். அதை மாற்ற வேண்டும். நான் அரை மணி நேரம் அந்தத் தாவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சான்று இல்லையென்றாலும் பெயரை அச்சடிக்கும் இடத்துக்குப் போகச் சொன்னால் போதும். 520 என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன். கடைசியில் வந்த மொத்த எண்ணிக்கை, விண்ணப்பங்களின் எண்ணிக்கையோடு ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்தியது. அதற்குமேல் எதைச் சரிபார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது, அழைப்புக் கடிதங்களும் போயின.

நேர்முகத் தேர்வு வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை வரிச்சிக்குடியிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். பலகையில் இரண்டு பட்டியலையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் இருந்த குமாஸ்தாவிடம் போய் நின்றாள்.

“சார், எம்பேரு ரெண்டுலயும் இல்ல.”

“இல்லேன்னா கெடைக்கலன்னு அர்த்தம்மா.”

“கெடைக்காதவங்க பேருலயும் இல்லயே சார்.”

“கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்டும்மா அது. அதுல போய் தப்பு வருமா?”

அந்தக் கேள்வி என் அறைக்குக் கேட்டது. அந்தப் பெண் மறுபடி பலகைப் பக்கம் திரும்பினாள். அவள் அம்மா, “இன்னொருவாட்டி நல்லா பாருடி” என்றார். நான் எழுந்து வெளியே வந்து, அவள் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். “பாத்து சொல்றேன், மத்தியானம் வரைக்கும் இருங்க” என்றேன்.

விண்ணப்பக் கட்டில் அவள் தாள் இருந்தது. நான் ஏற்றிய விவரங்களிலும் இருந்தாள். எழுபத்தொரு சதவீத மதிப்பெண். சான்று மட்டும் இல்லை. முதல் பட்டியலில் இருக்க வேண்டியவள்.

உடனே முதல்வர் அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இவள் ஒருத்தி மட்டும் என்றால் பேனாவால் எழுதிச் சேர்த்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று மனம் கணக்குப் போட்டது. புரோகிராமை அச்சடித்து, அந்த நீளத் தாளைத் தரையில் விரித்து, ஒவ்வொரு தாவலுக்கும் பென்சிலால் கோடு இழுத்தேன். பத்துப் பதினைந்து கோடுகளுக்குப் பிறகு எது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பாதியில் கரண்ட் போனது. ஜன்னல் வெளிச்சத்தில் முழங்காலிட்டுத் தொடர்ந்தேன். வியர்வை சொட்டித் தாளில் பென்சில் கோடு கலைந்தது.

கடைசியில் கண்டுபிடித்தேன். பெயரை அச்சடிக்கும் வரி 510. நான் அனுப்பிய 520, எண்ணிக்கையில் ஒன்று கூட்டும் வரி. சான்று இல்லாத பெண்களை மெஷின் ஒழுங்காக எண்ணியிருக்கிறது, பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. மொத்தம் சரியாக வந்ததற்குக் காரணம் அதுதான். விண்ணப்பங்களைப் புரட்டி எண்ணினேன். பதினொரு பெண்கள்.

பேனாவால் சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு அதோடு போயிற்று. முதல்வர் அம்மாவின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பதினோரு பேர்னு சொல்ற. பன்னெண்டாவதா ஒருத்தி இல்லன்னு எப்படிம்மா சொல்லுவ?”

அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது. எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் தாவலாம் என்றிருக்கும் இடத்தில், யார் எந்த இடுக்கில் விழுந்தாள் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க மேடம். முடிவு பண்ற எடத்த மட்டும் முழுசா திரும்ப எழுதிடறேன்” என்றேன். தைரியத்தில் சொன்னதல்ல. வேறு வழி தெரியாமல் வாயில் வந்தது.

முதலில் வரிச்சிக்குடிப் பெண்ணிடம் போய், அவள் பெயர் தவறியது எங்கள் பிழை என்றும் வியாழக்கிழமை வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி, கடிதத்தைக் கையிலேயே கொடுத்தேன். அவள் அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல முத்திரை இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்று பஸ்ஸிலேயே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முதலில் தமிழில். மதிப்பெண் போதுமா? போதுமென்றால் இது, இல்லையென்றால் அது. வயது சரியா? சரியென்றால் இது, இல்லையென்றால் அது. ஒவ்வொரு கேள்விக்கும் ‘இல்லையென்றால்’ என்ற பக்கத்தையும் எழுதியாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதை எழுதும்போதுதான் அந்தப் பக்கம் நிற்பது யார் என்று யோசிக்க நேர்ந்தது. மறுநாள் காலை அதை பேசிக்கில் ஏற்றினேன். எங்கள் மெஷினில் ஒரு இஃப்பும் அதன் எல்ஸும் ஒரே வரியில் அடங்க வேண்டும். அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டியிருந்தது. நீளமாக, அழகில்லாமல்தான் இருந்தது. ஆனால் மேலே நுழைந்த ஒவ்வொரு பெண்ணும் ஏதாவது ஒரு பட்டியலில் பெயராக வெளியே வந்தாக வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததும் பட்டியலில் பன்னிரண்டாவது பெண் வந்தாள். திருநள்ளாற்றுக்காரி. சான்றெல்லாம் இருந்தது. மதிப்பெண் சரியாக அறுபது.

இந்தத் தவறு நான் சேர்த்த வரியால் வந்ததல்ல. பழைய புரோகிராம் அறுபதுக்கு மேல் என்றால் ஓரிடத்துக்கும், அறுபதுக்குக் கீழ் என்றால் வேறிடத்துக்கும் தாவியது. சரியாக அறுபது எடுத்தவளுக்குத் தாவல் எதுவும் இல்லை. அவள் அடுத்த வரிக்கு இறங்கி, அங்கே வேறு ஒன்றுக்காகப் போட்டிருந்த தாவலில் 520-க்குப் போய், எண்ணிக்கையில் மட்டும் சேர்ந்துகொண்டு மறைந்திருக்கிறாள். அறுபது எடுத்தாலே போதும் என்றுதான் எங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தோம்.

குமாஸ்தா ஒவ்வொரு விண்ணப்பமாக உரக்கப் படிக்க, நான் பட்டியலில் டிக் அடித்தேன். முந்நூற்றுச் சொச்சத்தையும் முடித்தோம். யாரும் விடுபடவில்லை. கடிதங்களை எடுத்துக்கொண்டு செவ்வாய் பிற்பகலும் புதன் முழுவதும் நானும் அவருமாக பஸ்ஸில் அலைந்தோம். வியாழக்கிழமை பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் வந்தார்கள். ஒருத்தி திருச்சியில் வேறு படிப்பில் சேர்ந்துவிட்டிருந்தாள். இன்னொருத்தி வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்த கடிதம் அவளுக்குக் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை, போன வருடத்து ஃபிளாப்பியைப் போட்டுப் புதிய புரோகிராமை ஓட்டினேன். ஏன் செய்தேன் என்றால், செய்யாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. போன வருடத்து இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒரே ஒரு பெயர் வந்தது. அறுபது மதிப்பெண். ஊர் கோட்டுச்சேரி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.

முதல்வர் அம்மாவிடம் சொன்னேன். “போன வருஷ இடத்த இப்ப குடுக்க முடியாதும்மா. இந்த வருஷம் வேணும்னா வரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பியும் வந்தேன். ஒரு வருடம் கழித்து ஒருத்தியிடம் இதைப் போய் என்னவென்று சொல்வது? அவள் வெளியே வந்தாள். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று பயந்திருந்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“அப்ப எனக்கு மார்க் பத்தலன்னு இல்லயாக்கா?”

“பத்தும். சரியா இருந்துச்சு.”

“ஒரு வருஷமா இந்த வீட்டுல நான் படிக்காதவன்னு பேரு வாங்கியிருக்கேன்.”

இந்த வருடம் வரலாம் என்று முதல்வர் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையசைத்தாள். “வேண்டாக்கா. இந்த வேல எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா எங்கப்பா உள்ள இருக்காரு. நீங்க வந்து இத அவருகிட்ட சொல்லிட்டுப் போங்க.”

உள்ளே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விதைநெல் மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். வரி எண், தாவல் எதையும் சொல்லவில்லை. உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம், எங்கள் பிழையால் போனது என்று மட்டும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்” என்றார்.

அவள் அடுப்படிக்குப் போனாள். அவள் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தபோது, அவர் அவளிடம், “நீயும் உக்காரு” என்றார்.

ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமானது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு பிரான்ஸுக்குக் கடிதம் எழுதினேன். ‘அறுபதைக் கவனிக்கவில்லை, மன்னிக்கவும்’ என்று ஒரு வரி பதில் வந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மொத்தம் சரியாக வந்ததைப் பார்த்து நானும்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தேன். அதன் பிறகு எத்தனையோ வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். இப்போதும் எந்தக் கணக்காவது முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன்.